1946–52 காலத்தை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா? எஸ். கோபால் மாதிரி ஆட்களின் வழி நமக்கு ஒத்து வருமா?

முனிச்சாலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் எம்.ஏ. வரலாறு, ரெண்டாம் வருசம். அரசியல் நிர்ணய சபை கூடிய 1946 டிசம்பரிலிருந்து முதல் பொதுத் தேர்தல் முடிகிற வரைக்குமான காலத்தை பிஎச்.டி.க்கு எடுக்கலாமா என்று ஒரு யோசனை. வீட்டில் மாமா, "குரூப் டூ எழுதுடா, செத்தவங்க கதையப் படிச்சு என்னத்தச் சம்பாதிக்கப் போற" என்கிறார். அதை விடுங்கள்.

வகுப்பில் சர்வபள்ளி கோபால் பற்றிப் பேச்சு வந்தது. நேருவின் வாழ்க்கை வரலாற்றை மூன்று பாகமாக எழுதியவர். "இந்தக் காலத்தை ஆராயணும்னா முதல்ல அவர் எப்படி வேலை செஞ்சார்னு பாரு" என்றார் ஆசிரியர். பக்கத்தில் இருந்த நண்பனோ, "அவர் ஆஸ்தான வித்வான்டா, நேரு சம்பளம் கொடுத்தார், இவர் நேருவப் பத்தி எழுதினார்" என்று முடித்துவிட்டான். உண்மையில் எது சரி? அந்த மாதிரி ஒரு வாழ்க்கை இன்றைக்கு, அதுவும் மதுரையில் இருந்துகொண்டு, சாத்தியமா?

நாகமலை வாத்தியார் எழுதியது:

தம்பி, நான் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கோபாலின் பாதையை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டுகிறவர்களும் அது தெரிந்து திட்டட்டும்.

1923-இல் சென்னையில் பிறந்தார். குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணனின் ஒரே மகன். ஆக்ஸ்போர்டில் ரிப்பன் பிரபுவின் ஆட்சியைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கினார், அது 1953-இல் புத்தகமாக வந்தது. அடுத்து இன்னொரு வைஸ்ராய் இர்வின், அதன் பிறகு 1858 முதல் 1905 வரைக்கும் பிரிட்டிஷ் கொள்கை. அதாவது மனுசன் பல வருசம் வெள்ளைக்காரன் கோப்புகளிலேயே ஊறியவர். நேருவுக்கு வந்தது அதற்கப்புறம்தான். இதை யாரும் கவனிப்பதில்லை. வைஸ்ராய் எழுதும் குறிப்புக்கும் கீழே இருக்கும் செயலர் எழுதும் குறிப்புக்கும் வித்தியாசம் தெரிந்தவருக்குத்தான் பிரதமர் அலுவலகக் கோப்பை எப்படிப் படிப்பது என்று தெரியும்.

இடையில் கொஞ்ச காலம் தேசிய ஆவணக் காப்பகத்தில் வேலை. 1954-இல் வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு இயக்குநராகி, பத்து வருசத்துக்கு மேல் அங்கே இருந்தார். 1966-இல் ஆக்ஸ்போர்டு திரும்பி, செயின்ட் ஆண்டனி கல்லூரியில் தெற்காசிய வரலாறு. பிறகு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்று மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ரொமிலா தாப்பர், பிபன் சந்திரா எல்லாம் அந்தக் கூட்டம்தான். நேரு நூலின் பாகங்கள் 1975, 1979, 1984-இல் வந்தன. முதல் பாகத்துக்கு 1976-இல் சாகித்ய அகாதமி விருது. நேருவின் தேர்ந்தெடுத்த எழுத்துகள் தொகுப்புக்கும் அவரே பதிப்பாசிரியர். 2002-இல் சென்னையில் காலமானார்.

ஆஸ்தான வித்வான் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடக்கூடிய ஆள் இல்லை.

வடக்குமாசி வக்கீல் எழுதியது:

ஐயா பட்டியல் நல்லா இருக்கு. முக்கியமான வரியை வேகமாகத் தாண்டிவிட்டீர்களே. வெளியுறவு அமைச்சகத்தில் பத்து வருசத்துக்கு மேல், சரி. அங்கே என்ன செய்தார்?

1959-இல் சீன எல்லைத் தகராறு முற்றியபோது லண்டனுக்குப் போய் பழைய எல்லை ஆவணங்களைப் பார்த்துவிட்டு வந்து, லடாக்கை ஒட்டிய அக்சாய் சின் பகுதி மேல் இந்தியாவின் உரிமை வலுவானது என்று நேருவிடம் சொன்னவர் இவர்தான். 1960-இல் இரு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து வரைபடம், ஆவணம் என்று பேசிய குழுவிலும் இருந்தார். அந்த நிலைப்பாட்டிலிருந்து இறங்கி வர இடமில்லாமல் போனதுதான் 1962-க்கு ஒரு காரணம் என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியா தப்பா என்பது வேற பேச்சு. என் கேள்வி சின்னது. 1956 முதல் 1964 வரைக்குமான மூன்றாம் பாகத்தை எழுதியதும் அதே கோபால். தான் ஆலோசனை சொன்ன விவகாரத்தைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதுகிறார். எங்கள் கோர்ட்டில் ஒரு நீதிபதி முன்பு தான் வக்கீலாக ஆஜரான வழக்கு என்றால் விலகிக்கொள்வார். வரலாற்றாசிரியருக்கு அந்த மரபு கிடையாதா?

அந்த நூலுக்கான கடிதங்களைப் பார்க்க அனுமதி கொடுத்தது யார்? இந்திரா காந்தி. நூல் நாயகனின் மகள், நாட்டின் பிரதமர். போதுமா?

ஜிகர்தண்டா எழுதியது:

ஆத்தாடி. தம்பி ஒரு கேள்வி கேட்டுச்சு, வக்கீலண்ணே குறுக்கு விசாரணையே ஆரம்பிச்சிட்டாரு. கோபால் சார் சார்பா வாத்தியார் ஆஜர். நான் பெஞ்சுல உக்காந்துக்கிறேன்.

நாகமலை வாத்தியார் எழுதியது:

வக்கீல் ஐயா கேட்டது நியாயமான கேள்விதான். அந்த மூன்றாம் பாகத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்ப்போம். 1962 நவம்பர் 19-ஆம் தேதி, நிலைமை கைமீறியதும், நேரு கென்னடிக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் எழுதினார். போர் விமானப் படையே வேண்டும் என்று கேட்ட கடிதம். அணி சேராக் கொள்கைக்காரர் அமெரிக்க விமானம் கேட்ட சங்கதியை, அமைச்சர்களைக் கலக்காமல் கேட்டதையும் சேர்த்து, புத்தகத்தில் எழுதியவர் இதே கோபால். நேருவின் பெயரைக் காப்பாற்றுவது மட்டும்தான் நோக்கம் என்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். கடிதங்களின் முழு வாசகம் வெகுகாலம் கழித்துத்தான் அமெரிக்காவில் வெளியானது.

இன்னொன்று. "கிட்ட இருந்தவன் எழுதினால் பொய், தள்ளி இருந்தவன் எழுதினால் மெய்" என்ற கணக்கே எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்காவில் பாருங்கள். அவர்கள் நாடு பிறந்த காலத்தை ஆராய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக ஆட்கள். அவர்களுடைய மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சனின் கடிதத் தொகுப்பு 1950-இல் முதல் தொகுதி வந்தது, இன்னும் முடியவில்லை. அந்த ஜெஃபர்சன் பற்றி டூமாஸ் மலோன் என்ற பேராசிரியர் 1948 முதல் 1981 வரைக்கும் ஆறு பாகம் எழுதினார். புலிட்சர் பரிசும் வாங்கினார். ஜெஃபர்சன் செத்தது 1826. மலோனுக்கு அவர் சம்பளம் கொடுக்கவில்லை, ஒரு நாளும் பேசிப் பழகவில்லை. ஆனால் ஜெஃபர்சனுக்குத் தன் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸிடம் பிள்ளைகள் உண்டு என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவரே சொல்லிவைத்த வாக்குமூலம் இருந்தும், "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று ஒதுக்கிவிட்டார். நூறு வருசத்துக்கு மேல் தள்ளி இருந்தும் பாசம் கண்ணை மறைத்தது.

இந்தப் பக்கம் கோபாலைப் பாருங்கள். 1975-இல் அப்பா இறந்தார். 1989-இல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ராதாகிருஷ்ணன் என்றால் நாடே ஆசிரியர் தினம் கொண்டாடுகிற ஆள். அவருக்கு மற்ற பெண்களோடு இருந்த உறவுகளையும், அதனால் அம்மா பட்ட துயரத்தையும் மகனே எழுதினார். மயிலாப்பூரில் அப்பா வாழ்ந்த வீட்டிலேயே இருந்துகொண்டு எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் யாராவது தன் தகப்பனைப் பற்றி இப்படி ஒரு பத்தி எழுதிவிட்டு அடுத்த கல்யாண வீட்டுக்குப் போக முடியுமா?

வடக்குமாசி வக்கீல் எழுதியது:

ஐயா அடித்தது சிக்ஸர். ஆனால் பந்து என் கைக்கே வருகிறது. மலோன் மூடிய கதவைத் திறந்தவர் யார்? அனெட் கார்டன்-ரீட். 1997-இல் புத்தகம் போட்டபோது அவர் சட்டப் பேராசிரியர். எந்தப் புதுக் காகிதத்தையும் தோண்டி எடுத்துவிட்டு அவர் அதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் மற்றவர்கள் பார்த்த அதே சாட்சியங்கள்தான். வெள்ளைக்காரக் குடும்பம் சொன்னதை நம்பிவிட்டு, அடிமையாகப் பிறந்தவர் சொன்னதை ஏன் தள்ளினீர்கள் என்று ஒரு வக்கீல் மாதிரி வரிசையாகக் கேட்டார். மறு வருசம் மரபணுச் சோதனையும் அவர் பக்கமே சாய்ந்தது. அந்தச் சாட்சியங்கள் எல்லாருக்கும் திறந்து கிடந்ததால்தான் அது முடிந்தது. கோபால் பார்த்த நேரு காகிதங்களை வேறு யார் எடுத்துப் பார்க்க முடிந்தது? அவர் அடிக்குறிப்பு போட்டால் போய்ச் சரிபார்க்க வழி இருந்ததா?

அப்பாவைப் பற்றி எழுதிய துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

தல்லாகுளம் கயல் எழுதியது:

ரெண்டு பேரும் ஒரு வழியாக விசயத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் பிஎச்.டி. மூன்றாம் வருசம், இதே காலகட்டத்துக்குப் பக்கத்தில்தான் வேலை செய்கிறேன். கோபால் நல்லவரா, நேருவின் ஆளா என்ற விவாதம் எனக்கு அலுத்துவிட்டது. வக்கீல் சார் கடைசியில் சொன்னதுதான் ஆராய்ச்சி செய்கிறவருக்கு வலிக்கிற இடம். 1947-க்குப் பிந்திய நேரு காகிதங்களைப் பார்க்க, டெல்லியில் நேரு வாழ்ந்த தீன்மூர்த்தி இல்லத்து நூலகத்தில் வெகுகாலம் குடும்பத்தின் அனுமதி வேண்டியிருந்தது. ஒருவருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஒரு தலைமுறை முழுக்க, கோபாலை மேற்கோள் காட்டுவதையே மூல ஆவணத்தை மேற்கோள் காட்டுவது போல நினைத்துக்கொண்டு எழுதியது. அவர் செய்த தப்பு இல்லை அது. ஆனால் விளைவு அவர் புத்தகத்தின் தலையில்தான் விழுந்தது.

இப்போது நிலைமை வேறு. தேர்ந்தெடுத்த எழுத்துகள் முதல் வரிசை 15, இரண்டாம் வரிசை 85, ஆக 100 தொகுதியும் வந்து முடிந்தாயிற்று. கோபாலின் அடிக்குறிப்பை எடுத்துக்கொண்டு, தேதி பார்த்து, அந்தக் கடிதத்தைத் தொகுதியில் தேடலாம். நான் அப்படிப் பார்த்த இடங்களில் அவர் எடுத்துக்காட்டிய வரிகள் சரியாகவே இருக்கின்றன. ஆனால் எந்த வரியில் ஆரம்பித்து எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய மனசு தெரிகிறது. முனிச்சாலை, பயிற்சிக்கு இதைச் செய்து பாருங்கள். ஒரே ஒரு அத்தியாயம் போதும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்தை எழுதுவதென்றால் நேரு, பட்டேல், அம்பேத்கர் என்று மேலிருந்துதான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? 2018-இல் இரண்டு நூல்கள் வந்தன. ஒர்னித் ஷானி என்ற இஸ்ரேலியப் பேராசிரியர் முதல் வாக்காளர் பட்டியல் எப்படித் தயாரானது என்று எழுதினார். அரசியலமைப்பே இன்னும் முடியாத காலத்தில், ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு என்று வைத்து, 17 கோடிக்கு மேல் பெயர்களை எழுதினார்கள். அகதிகளாக வந்தவர்கள் "எங்க பேரைச் சேருங்க" என்று எழுதிய மனுக்கள், கீழ்மட்ட குமாஸ்தாவின் சந்தேகங்கள், மேலிருந்து வந்த பதில்கள், இதுதான் அவருடைய மூலம். தன் பெயரைச் சொல்ல மறுத்து "இன்னாரோட சம்சாரம்", "இன்னாரோட மக" என்றே எழுதச் சொன்ன பெண்கள் லட்சக்கணக்கில். கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில்.

இன்னொருவர் ரோஹித் டே, யேல் பல்கலைக்கழகம். புது அரசியலமைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போன சாதாரண ஆட்களைப் பற்றி எழுதினார். கசாப்புக் கடைக்காரர்கள், காய்கறி வியாபாரிகள், 1958-இல் அலகாபாத்தில் வழக்குப் போட்ட ஹுஸ்னா பாய் என்ற பாலியல் தொழிலாளி. இதற்கெல்லாம் பிரதமர் வீட்டு அனுமதி தேவைப்படவில்லை. தூசி தாங்கும் மூக்கு இருந்தால் போதும்.

வடக்குமாசி வக்கீல் எழுதியது:

அம்மா, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பாதி டைப் அடித்திருக்க மாட்டேன். ஒரு சங்கதி சேர்க்கிறேன். அரசியலமைப்பு வந்த கையோடு உச்ச நீதிமன்றம் பார்த்த பெரிய வழக்குகளை எடுத்தால் எதிர்த்தரப்பு யார் தெரியுமா? ஏ.கே. கோபாலன், 1950, தடுப்புக் காவல். ரொமேஷ் தாப்பர், 1950, பத்திரிகைத் தடை. செண்பகம் துரைராஜன், 1951, வகுப்புவாரி அரசாணை. மூன்றிலும் எதிர்த்தரப்பு சென்னை மாநில அரசு. முதல் சட்டத் திருத்தமே இதில் கடைசி ரெண்டு தீர்ப்பையும் தாண்டுவதற்காகத்தான் பெருமளவு வந்தது. இடஒதுக்கீட்டுக்கான 15(4) பிரிவு அப்படி முளைத்ததுதான். நாடு உருவான கதையை டெல்லியில் உட்கார்ந்துதான் எழுதணும் என்று எவன் சொன்னாலும் இந்த மூன்று பெயரைச் சொல்லு தம்பி.

முனிச்சாலை எழுதியது:

இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கயல் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி கீழிருந்து எழுதலாம் என்றால், மதுரையில் என்ன இருக்கு? எழும்பூர் ஆவணக் காப்பகம் ஆறேழு மணி நேரப் பயணம், அங்கே தங்கவும் வேண்டும். ஃபெல்லோஷிப் எவ்வளவு வரும்? மாமா அதைத்தான் கேட்கிறார்.

தல்லாகுளம் கயல் எழுதியது:

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் ரெண்டு வருசம் மாசம் 37,000, அப்புறம் 42,000. கிடைக்காவிட்டால் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். கௌரவ விரிவுரையாளர் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி முடித்தவர்களும் இருக்கிறார்கள், முடிக்க முடியாமல் விட்டவர்கள் அதைவிட அதிகம். நிரந்தர வேலை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) அறிவிப்பு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தது. கோபாலுக்கு ஆக்ஸ்போர்டும் அமைச்சகமும் வாய்த்தது. நமக்கு வாய்க்காது. அதற்காக அந்தக் காலத்தையே விட்டுக்கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். மாமாவுக்காக நெட்டையும் குரூப் டூவையும் சேர்த்தே படியுங்கள், நவீன இந்தியா பாடம் ரெண்டுக்கும் உதவும்.

மேலூர்க்காரன் எழுதியது:

ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டு இருக்கேன். எல்லாரும் ஆக்ஸ்போர்டு, யேல்னு அங்கிட்டே சுத்துறீங்க. எங்க ஊருப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர் ஒருத்தர் அரசியல் நிர்ணய சபையில உறுப்பினரா இருந்தார், ஞாபகம் இருக்கா? கக்கன்.

கக்கன்னு சொன்னா இன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சது ஒரே கதைதான். மந்திரியா இருந்த மனுசன் கடைசியில அரசு ஆஸ்பத்திரி பொது வார்டுல படுத்திருந்தார், எம்.ஜி.ஆர். வந்து பார்த்தார். எளிமை, எளிமைன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி வாட்ஸாப்புல ஓட்டுறாங்க. அவர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் கூட நுழைஞ்சது 1939 ஜூலை 8. ஏழு வருசம் கழிச்சு நாட்டுக்குச் சட்டம் எழுதுற சபையில இருக்கார். கோயிலுக்குள்ள போகக் கூடாதுன்னு சொன்ன ஒரு சாதியில பிறந்த மேலூர்ப் பையன், தீண்டாமை ஒழிப்புன்னு 17-ஆம் பிரிவு நிறைவேறின சபையில உறுப்பினர். இந்த ஏழு வருசத்தைப் பத்தி ஒரு ஒழுங்கான ஆராய்ச்சி நூல் காட்டுங்க பார்ப்போம். எளிமைக் கதையால அந்த அரசியல்வாதியையே மறைச்சுட்டாங்க.

நாகமலை வாத்தியார் எழுதியது:

மேலூர்க்காரரே, அருமை. கூட இன்னொருவரையும் சேருங்கள். எல். கிருஷ்ணசாமி பாரதி. மதுரைக்காரர், நாவலர் சோமசுந்தர பாரதியாரின் மருமகன். அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதிகளில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும், எழுந்து பேசிக்கொண்டே இருப்பார். சென்னை மாகாணம் என்றால் அல்லாடி, கோபாலசாமி அய்யங்கார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி என்று வரைவுக் குழு ஆட்களையே எழுதுகிறார்கள். அந்தச் சபையில் மதுரை ஆட்கள் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தது நம் மாணவர்களுக்கே தெரியாது.

மதுரையில் இருந்துகொண்டு செய்ய முடியுமா என்றால், முடிந்திருக்கிறதே. கே. ராஜய்யன் மதுரைப் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் 1800–1801 தென்னிந்தியப் புரட்சியை எழுதினார், 1971-இல் நூல் வந்தது. இந்திய விடுதலைப் போர் 1857-இல் மீரட்டில் ஆரம்பித்தது என்று உலகமே சொல்லும்போது, அதற்கு அரை நூற்றாண்டு முன்பே மருது சகோதரர்கள் 1801 ஜூன் 16-ஆம் தேதி ஜம்புத் தீவுப் பிரகடனம் ஒட்டினார்கள் என்று ஆவணத்தை வைத்துப் பேசினார். எந்த டெல்லிக் குடும்பமும் அவருக்குப் பெட்டியைத் திறந்துவிடவில்லை. கம்பெனியின் படைக் கடிதங்களும் வருவாய்க் கடிதங்களும்தான் அவர் சரக்கு.

வடக்குமாசி வக்கீல் எழுதியது:

ராஜய்யன் மேல் மரியாதை உண்டு. ஆனால் பாளையக்காரர் கூட்டணியை "முதல் சுதந்திரப் போர்" என்று தலைப்பிலேயே போட்டது 1947-இல் நின்றுகொண்டு 1801-ஐப் பார்த்ததுதான். மருதுவுக்கு நம் மனசில் இருக்கிற "நாடு" இருந்ததா? ஐயா மலோனுக்குச் சொன்ன பாசம் இங்கேயும் வேலை செய்திருக்கு.

நாகமலை வாத்தியார் எழுதியது:

இருக்கட்டுமே. பிரகடனத்தில் எல்லா சாதியாரையும் விளித்து ஐரோப்பியரை எதிர்க்கச் சொல்லியிருப்பது தலைப்பால் வந்ததில்லை. இதைத் தனி இழையாகப் போடுங்கள், வருகிறேன். இங்கே தம்பியின் கேள்வி பாக்கி.

தல்லாகுளம் கயல் எழுதியது:

முனிச்சாலை, மேலூர்க்காரர் உங்களுக்குத் தலைப்பையே கொடுத்துவிட்டார். "மதுரைப் பகுதியும் அரசியல் நிர்ணய சபையும், 1939–1952." கோயில் நுழைவில் ஆரம்பித்து முதல் தேர்தலில் முடியுங்கள். 1952-இல் கக்கன் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனதும் அதற்குள் வந்துவிடும்.

எங்கே தேடுவது: விவாதத் தொகுதிகள் இணையத்திலேயே இலவசம், இன்றைக்கே தொடங்கலாம். எழும்பூரில் பொதுத் துறை, சட்டத் துறை அரசாணைகள், மாவட்டத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை போன ரகசிய அறிக்கைகள். வழிகாட்டியின் கடிதம் வேண்டும். முன்கூட்டியே பட்டியலைப் பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு போனால் நாள் வீணாகாது. தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியக நூலகத்தை விட்டுவிடாதீர்கள், கோயில் நுழைவு, அரிஜன சேவை பற்றிய பழைய நூல்களுக்கு அது நல்ல இடம்.

ஒரு எச்சரிக்கை. கக்கன் மேல் உங்களுக்குப் பாசம் வரும், வராமல் இருக்காது. அவர் சபையில் பேசாத நாட்களையும், காங்கிரஸ் கட்சி சொன்னபடி கை தூக்கிய நாட்களையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். அம்பேத்கர் பக்கம் போகாமல் காங்கிரசில் ஏன் இருந்தார் என்று கேட்க வேண்டும். மேலூர்க்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேலூர்க்காரன் எழுதியது:

எனக்கென்ன கோபம். கேக்கட்டும். ஊருல பெருசுங்க சில பேரு இருக்காங்க, 52 எலெக்‌ஷன் அன்னிக்கு ஓட்டுச்சாவடிக்கு அப்பா தோள்ல உக்காந்து போனவங்க. தம்பி மாட்டுத்தாவணியில மேலூர் பஸ் ஏறி வரட்டும், நான் கூட்டிப் போறேன். போன்ல ரெக்கார்டு பண்ண முன்னாடியே கேட்டுட்டா தப்பா நினைக்க மாட்டாங்க.

முனிச்சாலை எழுதியது:

வர்றேண்ணே. அதுக்கு முன்னாடி விவாதத் தொகுதியில் கக்கன், கிருஷ்ணசாமி பாரதி ரெண்டு பேரும் பேசிய இடத்தையெல்லாம் தேதி வாரியாக எடுத்துவிடுகிறேன். கயல் அக்கா, மெட்ராஸ் உறுப்பினர்கள் முழுப் பட்டியல் எந்தத் தொகுதியில் இருக்கும்?

தல்லாகுளம் கயல் எழுதியது:

முதல் கூட்டம், 1946 டிசம்பர் 9-இலிருந்து படியுங்கள். உறுப்பினர்கள் மாகாணம் மாகாணமாக வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது அங்கே வரும். பிரிவினைக்கு அப்புறம் சிலர் போய்ச் சிலர் வந்தார்கள், அதனால் ஒரே பட்டியலை நம்ப வேண்டாம்.